மின்காந்த விசையின் பலம் சக்தியோடு மாறுமா?

ஓம், மாறும். மோதும் துணிக்கைகளின் சக்தி கூடக் கூட அதன் பலமும் கூடும்.

யாழ்ப்பாணத்தில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். போன கிழமை ஒரு பிள்ளை இதே கேள்வியோடு எழும்பினாள்: "இலத்திரனின் ஏற்றம் மாறிலி எண்டுதானே சேர் எழுதித் தந்தனீங்கள்?" வகுப்பு முடிகிற நேரம். இங்கே ஆறுதலாக எழுதுகிறேன்.

ஆனையிறவு உப்புக்கல் ஒன்றை ஒரு பேணி தண்ணீரில் போட்டுப் பாருங்கள். விரலால் நசுக்கியும் உடையாத கல், விளிம்பு மழுங்கி, அடியில் மினுங்கி, கரைந்தே போய்விடும். சோடியம் அயனையும் குளோரைட்டு அயனையும் இறுக்கிப் பிடித்திருப்பது மின்விசைதான். தண்ணீர் மூலக்கூறுகள் ஒவ்வோர் அயனையும் சூழ்ந்து, தங்கள் எதிரேற்றப் பக்கத்தை அதை நோக்கித் திருப்பிக்கொள்ளும். அந்த மறைப்பில் விசை ஏறத்தாழ 80 மடங்கு குறைகிறது.

வெற்றிடமும் இப்படி மறைக்கும். இலத்திரனைச் சுற்றி, இலத்திரனும் அதன் நேரேற்ற இரட்டையான பொசித்திரனும் சேர்ந்த சோடிகள் கணப்பொழுதில் தோன்றி மறைவதாகக் குவாண்டம் கொள்கை சொல்கிறது. பொசித்திரன் உள்ளே இழுபடும், சோடி இலத்திரன் வெளியே தள்ளுப்படும். தூரத்தில் நிற்கும் எங்களுக்கு ஏற்றத்தின் ஒரு பங்கு தெரிவதில்லை. கூடிய சக்தியோடு மோதும் துணிக்கைகளோ மிகக் கிட்டப் போய், அந்தத் திரைக்குள் நுழைந்துவிடுகின்றன.

விசையின் பலத்தைச் சொல்லும் எண் நுண்கட்டமைப்பு மாறிலி. தூரத்தில் அது 1/137. இசட் போசன் என்ற பாரமான துணிக்கையின் திணிவுக்கு ஒத்த 91 கிகா இலத்திரன்வோல்ற்றுச் சக்தியில் ஏறத்தாழ 1/128. யப்பானின் ட்ரிஸ்தான் மோதுகருவியில் சுமார் 58 கிகா இலத்திரன்வோல்ற்றில் செய்த அளவீடு, 1997இல் இந்த அதிகரிப்பை நேரடியாகவே காட்டியது.

என்னை இன்னும் வியக்கவைப்பது வேறொன்று. இலத்திரன் சோடிகள் மட்டும் மறைத்திருந்தால், 91 கிகா இலத்திரன்வோல்ற்றில் அந்தப் பின்னத்தின் கீழெண் 137இலிருந்து 134.6 வரைதான் இறங்கியிருக்கும். மீதியை இறக்கியவை இலத்திரனின் பாரமான உறவுகளான மியூவன், டவ் என்பவற்றின் சோடிகளும், புரோத்தன் போன்றவற்றை ஆக்கும் குவார்க்குகளின் சோடிகளும். எங்கள் உடம்பில் மியூவனும் இல்லை, டவ்வும் இல்லை. ஆனாலும் ஒவ்வோர் இலத்திரனின் ஏற்றத்திலும் அவற்றின் மறைப்பு கலந்திருக்கிறது!

அப்படியென்றால் நான் எழுதித் தந்தது பிழையா? இல்லை. இந்தத் திரை அணுவின் அகலத்தில் இருநூறில் ஒரு பங்குக்கும் சிறியது. அதற்கு வெளியே பலம் மாறுவதே இல்லை என்று சொல்லலாம். உப்புக்கும் மின்கம்பிக்கும் 1/137 போதும்.

பிள்ளை, கொப்பியில் உள்ளதை வெட்ட வேண்டாம். 'மாறிலி' என்பதற்குப் பக்கத்தில் 'தூரத்திலிருந்து அளந்தால்' என்று எழுதிவிடு.