கிறிஸ்தவனாக இருந்தும் சிலரிடம் மட்டும் பட்சபாதம் காட்டுகிறேன், எப்படி மாற்றிக்கொள்வது?

கேள்வியைப் பார்த்ததும் சுருக்கென்றது. நீங்களும் சபையில் ஏதோ பொறுப்பில் இருப்பவராகத்தான் இருக்க வேண்டும். சும்மா வந்து போகிறவருக்கு இந்தக் கவலை வராது.

சிங்கப்பூரில் ஒரு தமிழ்ச் சபை வாசலில் 11 வருடமாக நின்று வரவேற்கிறேன். சிரித்த முகக்காரர் என்று பேர் வேறு.

2019இல் ஒரு ஞாயிறு. மூன்றாவது வரிசையில் ஒரு குடும்பத்துக்காக நான்கு பைபிள்களை வைத்து இடம் பிடித்திருந்தேன். உணவங்காடியில் மேசை பிடிக்க டிஷ்யூ பாக்கெட் வைப்போமே, அதே கதைதான். அந்தக் குடும்பத் தலைவருக்கு வங்கியில் பெரிய வேலை, காணிக்கையும் தாராளம். அந்த நேரம் பார்த்து துவாஸில் வெளிநாட்டுத் தொழிலாளர் தங்குவிடுதியில் இருக்கும் தம்பி ஒருவர், ஓவர்டைம் முடித்து நேராக வந்தவர், அங்கே உட்காரப் போனார். சேஃப்டி பூட்ஸில் சிமெண்ட் வெள்ளையாகக் காய்ந்திருந்தது. "நீ பின்னாடி போப்பா, அங்க ஃபேன் நல்லா வரும்" என்றேன். ஃபேன் நன்றாக வரும் என்பது உண்மைதான். அவர் பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் போனார். கழற்றச் சொல்லி நான் கேட்கவே இல்லை.

சில வாரம் கழித்து வேதபாடம் வாசிக்கிற முறை எனக்கு வந்தது. யாக்கோபு 2ஆம் அதிகாரம். பொன்மோதிரக்காரனிடம் "ஐயா, நீர் இந்த நல்ல இடத்தில் உட்காரும்". ஏழையிடம் "நீ அங்கே நில்லு". ஆங்கிலத்தில் வாசித்திருந்தால் இருவருக்கும் ஒரே 'யூ' என்று தப்பித்திருப்பேன். தமிழில் அந்த நீரும் நீயும் விடவில்லை. மைக் முன்னால் குரல் இறங்கிவிட்டது.

உடனே சிலர் வருவீர்கள்: சின்னவனை நீ என்பது உரிமைதானே, கனத்துக்குரியவனுக்குக் கனம் செலுத்தச் சொல்லி ரோமர் 13இலேயே இருக்கிறதே என்று. சரி. ஆனால் வங்கிக்காரரின் மகன் அந்தத் தம்பியைவிடச் சின்னவன். அவனை நான் "வாங்க தம்பி" என்றுதான் கூப்பிட்டேன்.

ஜெபித்தேன், அது இருக்கட்டும். முதலில் பைபிள் வைத்து இடம் பிடிப்பதை நிறுத்தினேன். எல்லோருக்கும் 'நீங்க'. அப்புறம் ஆராதனை முடிந்ததும் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு தொழிலாளர்கள் மேசையில் போய் உட்கார்ந்தேன். இரண்டு வாரம் யாரும் வாய் திறக்கவில்லை, சூப்பர்வைசர் வந்து உட்கார்ந்த மாதிரி. மூன்றாவது வாரம் அந்தத் தம்பிதான் "அண்ணே, ஊறுகாய் வேணுமா?" என்றார். ஒர்க் பர்மிட்டில் குடும்பத்தைக் கூட்டிவர முடியாது. மகள் பிறந்ததைப் போனில்தான் பார்த்தாராம். 2020 ஏப்ரலில் கொரோனாவால் விடுதிகளை அடைத்தபோது அவர் நம்பர் என்னிடம் இருந்தது. தினமும் பேசினோம். அறையை விட்டு வெளியே வர முடியாதவர், என் சர்க்கரை அளவை விசாரிப்பார்.

இதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கட்டடத்தில் ஆங்கில ஆராதனை காலை ஒன்பதுக்கு, ஏசி ஹாலில். தமிழுக்கு மதியம் ஒன்றரை, பின்கட்டு அறை, நான்கு ஃபேன். கேட்டால் "நீங்க கொஞ்சப் பேர்தானே" என்கிறார்கள். அங்கே யாக்கோபு 2 எப்போது வாசிப்பார்களோ.

நான் திருந்திவிட்டதாக நினைக்காதீர்கள். போன மாதம் நல்ல மழை. பெரிய கார் ஒன்று வந்து நின்றதும் குடையோடு ஓடினேன். பஸ் நிறுத்தத்திலிருந்து நான்கு பேர் நனைந்துகொண்டு வருவது பாதி வழியில்தான் கண்ணில் பட்டது. காரிடம்தான் போனேன். கதவு திறந்தது, உள்ளே ஆளுக்கொரு குடை வைத்திருந்தார்கள்.