ஸ்ப்ரே அடித்ததும் கரைந்துபோன தெர்மாகோல் குத்துவிளக்கு

கேள்வி: என் மகள் ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். ஆண்டுவிழா மாறுவேடப் போட்டியில் குத்துவிளக்காகத்தான் வருவேன் என்கிறாள். வாடகைக் கடையில் சாமி வேஷமும் தலைவர்கள் வேஷமும்தான் இருக்கின்றன. அதனால் தெர்மாகோலை வெட்டி நானே செய்தேன். தங்கக் கலர் ஸ்ப்ரே பெயின்ட் அடித்ததும் குழிகுழியாகக் கரைந்துவிட்டது. கடைக்காரர் ‘விற்ற பொருளைத் திரும்ப எடுப்பதில்லை’ என்கிறார். பணம் கிடைக்குமா? இனி எப்படிச் செய்வது?
– வாசகி, மயிலாடுதுறை

பதில்: பெயின்டில் குறை இல்லை, சகோதரி. ஸ்ப்ரே டப்பாவில் நிறத்தோடு தின்னர் போன்ற கரைப்பானும் இருக்கிறது. இரும்பு, மரத்துக்கு அது ஒன்றும் செய்யாது, தெர்மாகோலைக் கரைத்துவிடும். செருப்பு ஒட்டும் ரப்பர் பசையும் அப்படித்தான்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 என்ன சொல்கிறது என்றால், குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு இல்லையென்றால் 30 நாட்களுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். ‘திரும்ப எடுப்பதில்லை’ என்று போர்டு மாட்டியிருந்தாலும் அதிலிருந்து தப்ப முடியாது. ஆனால் உங்கள் டப்பா நல்ல டப்பா. ‘தெர்மாகோலுக்கு அடிக்க வேண்டும்’ என்று நீங்கள் கேட்டு, அவர் ‘தாராளமாக அடிக்கலாம்’ என்று கொடுத்திருந்தால் கதை வேறு. அப்போது பில்லோடு போய்ப் பேசுங்கள். மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். எதற்கு என்று சொல்லி வாங்குவதும், சின்னத் தொகைக்கும் பில் கேட்பதும் உங்கள் உரிமை.

இனி விளக்குக்கு வருவோம். தெர்மாகோலை விட்டுவிடுங்கள்; உடைகிறது, நெருப்புப் பட்டால் பற்றிக்கொள்கிறது. ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் விற்கும் கடையில் பழைய அட்டைப்பெட்டி கேட்டு வாங்குங்கள். அட்டைக்குள் ஓடும் வரிகள் மேலிருந்து கீழாக நிற்கும்படி வைத்துச் சுருட்டினால் மடங்காமல் வளையும், அதுதான் தண்டு. நாச்சியார்கோயில் விளக்கைக் கழற்றிப் பார்த்திருப்பீர்களே, பாதம், தண்டு, எண்ணெய் ஊற்றும் தகழி, உச்சியில் அன்னம் என்று தனித்தனியாகத் திருகி மாட்டுவது. வேஷத்தையும் அப்படியே தனித்தனித் துண்டாகச் செய்யுங்கள். ஆட்டோவில் கொண்டுபோகலாம், பள்ளியில் மாட்டிவிடலாம், நடுவில் பாத்ரூம் போகவேண்டும் என்றால் கழற்றவும் முடியும்.

பாதத்தை அட்டையில் செய்தால் படியேற முடியாது. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஹோஸ் பைப்பை வளையமாக்கி, மேலே மஞ்சள் லைனிங் துணியைப் பாவாடைபோல் தைத்துவிடுங்கள். வாசலில் இடித்தாலும் நசுங்கி நிமிரும். கணுக்காலுக்கு மேலேயே நிற்கட்டும். தண்டு மார்பிலிருந்து முழங்கால் வரை போதும். உட்கார முடிகிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். ஐந்து முகத் தகழி தோள் மேல் காலர் மாதிரி. அன்னம் தலையில், சார்ட் பேப்பரில். பாரம் முழுதையும் அகலமான நாடாவால் தோளில் தொங்கவிடுங்கள். தஞ்சாவூர்ப் பொய்க்கால் குதிரை ஆடுகிறவர்கள் குதிரைக்கூட்டை அப்படித்தான் தாங்குகிறார்கள். கயிறு மட்டும் வேண்டாம், பிள்ளையின் தோளை அறுத்துவிடும்.

பளபளப்புக்கு ஜிகினாத் தாள் போதும், ஃபெவிகாலில் ஒட்டுங்கள். பெயின்ட்தான் வேண்டும் என்றால் தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் வாங்குங்கள். அந்தத் தங்க ஸ்ப்ரேயை மட்டும் குழந்தையின் முகத்திலோ கையிலோ அடித்துவிடாதீர்கள். அது தோலுக்கானதே அல்ல.

சுடருக்குச் சிவப்பும் ஆரஞ்சுமாகத் தாள் வெட்டி வையுங்கள். நிஜத் திரி, கற்பூரம் எதுவும் கூடாது. விழா மேடையில் உண்மையான குத்துவிளக்கு எரிந்துகொண்டிருக்கும். அதற்கு எட்டி நிற்கவைக்கும்படி டீச்சரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். பேட்டரி விளக்கு வைக்க ஆசையிருந்தால், பட்டன் பேட்டரி இருக்கும் மூடி ஸ்க்ரூ போட்டதா என்று கடையிலேயே திறந்து பாருங்கள். நகத்தால் திறக்கிற மூடியென்றால் வாங்கவே வேண்டாம். அந்தப் பேட்டரியைப் பிள்ளைகள் விழுங்கினால் உணவுக்குழாயை அரித்துப் புண்ணாக்கிவிடும். ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அரசு மருத்துவமனைக்கு ஓடவேண்டிய விஷயம் அது.