போர்க்காலத்தில் வணிகக் கப்பல் என்ஜினியர்கள் தப்புவது ஏன் அரிதாக இருந்தது? மும்பையில் அவர்களுக்கு நினைவிடம் உண்டா?

நின்ற இடமே எமனாயிற்று. என்ஜின் அறை நீர்மட்டத்துக்குக் கீழே, கப்பலின் அடிவயிற்றில் இருக்கும். டார்பிடோ அங்கே பாய்ந்தால் ஒருபக்கம் கடல்நீர், மறுபக்கம் வெடித்த குழாயிலிருந்து சீறும் நீராவி. மேலே ஏறச் செங்குத்தான இரும்பு ஏணிகள்தான், விளக்கும் அணைந்திருக்கும். மேல்தளத்தில் நின்றவர் உயிர்காப்புப் படகுக்கு ஓடலாம். கீழே பணிமுறையில் (ஷிப்டில்) இருந்த என்ஜினியருக்கும், உலையில் கரி அள்ளிப் போட்டவருக்கும் அந்தச் சில நிமிடங்கள் வாய்ப்பதில்லை.

நினைவிடம் உண்டு. மஸ்ஜித் பந்தரில் உள்ள இந்திய மாலுமிகள் இல்லத்தில், இரண்டாம் உலகப் போரில் மாண்ட இந்திய வணிகக் கப்பல் பணியாளர்கள் சுமார் 6,000 பேரை நினைவுகூர்கிறார்கள். மாட்டுங்காவிலிருந்து லோக்கல் ரயிலில் அரைமணிகூட ஆகாது. நான் போக இருபது ஆண்டு ஆயிற்று! பிரிட்டிஷ் என்ஜினியர் என்றால் லண்டன் டவர் ஹில் நினைவிடத்தில் தேடுங்கள்.