மகளின் எலும்பு செட்டை விற்கலாமா?

கேள்வி: கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். மகள் கோவையில் எம்.பி.பி.எஸ். படிக்கிறாள். முதல் வருடம் அனாடமி (உடற்கூறு) படிக்க, ஒரு சீனியரிடம் 25,000 ரூபாய் கொடுத்து நிஜ மனித எலும்புகள் உள்ள போன் செட் (bone set) வாங்கினாள். இப்போது ஜூனியர் ஒருவர் அதே விலைக்குக் கேட்கிறார். என் அம்மாவோ, "அது யாரோ பெத்த பிள்ளை. ஆத்துல விட்டுட்டு வா" என்கிறார். விற்பது தப்பா?

பதில்: ஐயா, உங்கள் அம்மா சொன்னதில் முதல் பாதி முழுக்கச் சரி. இரண்டாவதை மட்டும் செய்துவிடாதீர்கள். சித்தூர்ப் புழையில் ஒரு மண்டையோடு ஒதுங்கினால் போலீஸ் அதைச் சந்தேக மரணமாகத்தான் பார்க்கும். காணாமல்போன பிள்ளையைத் தேடிக்கொண்டிருக்கும் ஏதோ ஒரு குடும்பம் அந்தச் செய்தியைக் கேட்டு ஓடி வரும். தோட்டத்தில் புதைத்தாலும் என்றாவது ஒருநாள் இதே கதைதான்.

விற்கவும் வேண்டாம் என்பேன். மகள் வாங்கியதைக் குற்றமாகப் பார்க்கவில்லை. படிக்க வேறு வழியில்லை என்று நினைத்து வாங்கியிருப்பாள். ஆனால் அந்த எலும்பு எங்கிருந்து வந்தது? கொல்கத்தாவை மையமாக வைத்து நம் நாட்டிலிருந்து எலும்புக்கூடுகள் உலகம் முழுக்க ஏற்றுமதியாயின. 1985-ல் அரசு அதற்குத் தடை போட்டது. அதற்குப் பிறகும், 2007-ல், வங்காளத்தின் பூர்பஸ்தலியில் பிணங்களை எலும்பாக்கி விற்ற கூடம் ஒன்று பிடிபட்டது. உங்கள் வீட்டில் இருப்பது அப்படி வந்தது என்று சொல்லவில்லை. அப்படி வரவில்லை என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லையே, அதுதான் உறுத்துகிறது.

கேரளத்தில் உரிமை கோரப்படாத உடல்களைத் தனியார் மருத்துவக் கல்லூரிகளுக்கு அரசே கட்டணம் வாங்கிக்கொண்டு கொடுக்கிறது. இறந்தவரின் சம்மதம் இல்லாததால் அதிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனாலும் அங்கே பதிவேடு இருக்கிறது, பதில் சொல்ல ஆள் இருக்கிறார். உடற்கூறு சட்டங்கள் அந்த வழியைத்தான் பேசுகின்றன. ஹாஸ்டல் அறையில் மாணவர்களுக்குள் கைமாறும் எலும்பைப் பற்றி அவை நேராக ஒன்றும் சொல்வதில்லை. அந்த இடைவெளியில்தான் இந்த வியாபாரம் நடக்கிறது. ஒவ்வொரு சீனியரும் 'நான் போட்ட காசைத்தானே திரும்ப எடுத்தேன்' என்று நினைக்கிறார். ஐந்து கை மாறிய பிறகு, முதல் ஆள் யாரிடம் காசு கொடுத்தார் என்று யாருக்கும் தெரியாது.

நம் பக்கத்தில் ஐவர்மடத்தில் தகனம் செய்தால், எலும்பை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கலயத்தில் எடுத்துப் பாரதப்புழையில் கரைக்கிறோம். நமக்கு எலும்பும் ஒரு மனிதர்தான். நாகாலாந்தின் நாகர்களுக்கும் அப்படித்தான். 2024 அக்டோபரில் இங்கிலாந்தில் ஒரு நாகர் மூதாதையின் மண்டையோடு ஏலத்துக்கு வந்தது. நாகாலாந்தே கொதித்தெழுந்ததும் ஏலப் பட்டியலிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். அந்த மண்டையோட்டுக்காகக் கேட்க ஒரு சமூகம் இருந்தது. உங்கள் வீட்டு அலமாரியில் இருப்பவருக்காக இதுவரை பேசியது உங்கள் அம்மா ஒருவர்தான்.

சரி, என்ன செய்யலாம்? கல்லூரியின் அனாடமி துறைத் தலைவரை மகள் போய்ப் பார்க்கட்டும். யாரிடம், எப்போது, எவ்வளவுக்கு வாங்கியது என்று உள்ளதை உள்ளபடி எழுதி, காசு வாங்காமல் துறைக்கே ஒப்படைப்பதாகச் சொல்லட்டும். ஒப்படைத்ததும் எழுத்தில் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். கேட்கும் ஜூனியரிடம் துறையில் இருக்கும் எலும்புகளையும் நல்ல பிளாஸ்டிக் மாதிரியையும் வைத்துப் படிக்கச் சொல்லலாம். 25,000 ரூபாய் மளிகைக் கடைக்காரருக்குச் சின்னத் தொகை இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்கிறேன்.

பஸ் பார்சலில் போட வேண்டாம், மகளே கையோடு கொண்டுபோகட்டும். அதற்கு முன்பே துறையிலிருந்து ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வேலந்தாவளம் செக்போஸ்ட்டில் பையைத் திறக்கச் சொன்னால் காட்ட வேண்டியிருக்கும்.