சங்கிலியை அடகு வைக்காதீர்கள், மேடை உள்ள கல்லூரியைத் தேடுங்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிளஸ் டூ முடித்த மகள் நாடகம்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். சென்னையில் ஒரு தனியார் நடிப்புப் பயிற்சி மையம் ஓராண்டுக்கு இரண்டரை லட்சம் கேட்கிறது. கழுத்துச் சங்கிலியை அடகு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வைக்க வேண்டாம் அம்மா. அவள் ஆசையையும் தடுக்க வேண்டாம்.

டெல்லியில் தேசிய நாடகப் பள்ளி இருக்கிறது. 1959இல் தொடங்கியது, மத்திய அரசின் பணத்தில் நடப்பது. மூன்று வருடப் படிப்பு. சேரும் பிள்ளைகளுக்கு மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு. அங்கே விண்ணப்பிக்க ஏதாவது ஒரு பட்டம் வேண்டும், குறைந்தது ஆறு நாடகங்களில் பங்கெடுத்திருக்க வேண்டும். இந்தியும் ஆங்கிலமும் புரிய வேண்டும். உங்கள் விழுப்புரத்துக்குப் பக்கத்திலேயே, புதுவைப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் ஒரு நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது. அங்கேயும் நாடகத்தில் முதுகலை சேரப் பட்டம் வேண்டும். இந்த இரண்டு வாசலிலும் அந்த இரண்டரை லட்ச ரூபாய்ச் சான்றிதழ் பட்டத்துக்கு ஈடாகாது.

ஆகவே அடுத்த மூன்று வருடத்துக்கு அவளுக்கு இரண்டு வேலை: ஒரு பட்டம், ஆறு நாடகம்.

பட்டத்துக்கு அரசு கலைக் கல்லூரியே போதும். ஆண்டுக் கட்டணம் சில ஆயிரம்தான். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். மூன்று வருடத்துக்கு 36,000. பேருந்துக்கும் ஒத்திகை நாள் சாப்பாட்டுக்கும் அது கைகொடுக்கும். பாடம் தமிழ் இலக்கியமாக இருந்தால் எனக்கு நிம்மதி. பின்னால் பி.எட். முடித்து ஆசிரியர் வேலைக்கும் போகலாம். நாடகம் தெரிந்த தமிழாசிரியர் கிடைப்பது பிள்ளைகளுக்குப் பெரிய கொடுப்பினை.

ஆனால் எந்தக் கல்லூரி? இங்கேதான் அவசரப்படக் கூடாது. சேர்க்கைக்கு முன் ஒரு நாள் நேரில் போய் அரங்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். போன வருடம் ஒரு கல்லூரிக்குப் போயிருந்தேன். விளம்பர அட்டையில் பளபளவென்று மேடைப் படம். நேரில் பார்த்தால் மேடை முழுக்க உடைந்த பெஞ்சுகள், விளக்குப் பலகை மேல் விரல் வைத்தால் தூசி ஒட்டியது, சாவி யாரிடம் என்று தேடவே அரை மணி நேரம். இன்னொரு சின்ன அரசுக் கல்லூரியில் ஏசி கிடையாது, திரைச்சீலை கிழிசல். ஆனால் தரையில் நடிகர்கள் நிற்க வேண்டிய இடமெல்லாம் சாக்பீஸ் குறிகள். பாதி அழிந்து, மேலே புதிதாக வரைந்திருந்தார்கள். அந்த இரண்டாவது கல்லூரியில் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கலாம். நாடகம் போடும் பேராசிரியர் யார், போன வருடம் எத்தனை நாடகம் மேடையேறியது, முதல் வருடப் பிள்ளைகளுக்கு வேடம் கொடுப்பார்களா என்று அங்குள்ள மாணவர்களிடமே கேளுங்கள்.

கோடை விடுமுறையைக் கூத்துக்கு ஒதுக்குங்கள். செய்யாறு பக்கம் புரிசையில் கண்ணப்ப தம்பிரான் பரம்பரையினர் தெருக்கூத்து கற்றுத் தருகிறார்கள். விடிய விடிய ஆடும் உடம்பும், மைக் இல்லாமல் கடைசி வரிசைக்குக் கேட்கும் குரலும் அங்கே வாய்க்கும். புதுச்சேரியிலும் சென்னையிலும் நாடகக் குழுக்கள் உண்டு. நடிகர் பசுபதி, ந. முத்துசாமி சென்னையில் நடத்திய கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவிலிருந்து வந்தவர்தான். குழுவில் சேரும்போது ஒத்திகை எத்தனை மணிக்கு முடியும், பெண்பிள்ளைகளை வீட்டில் கொண்டுவந்து விடுவது யார் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். ஒழுங்கான குழு என்றால் முகம் சுளிக்காது.

பட்டமே நாடகத்தில் வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்தால் திருச்சூர் போகலாம். கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளியில் பிளஸ் டூவுக்குப் பிறகே இளங்கலை உண்டு. மலையாளம் கற்க வேண்டும், விடுதிச் செலவும் சேரும். மொழிக்கு அஞ்சாத பெண் என்றால் யோசியுங்கள்.

கல்லூரி பார்க்கப் போகிற நாளில் அவளையே பேச விடுங்கள், நீங்கள் பக்கத்தில் இருங்கள். அவர்கள் சொன்ன பதிலையும், அரங்கத்தில் அவள் முகம் எப்படி இருந்தது என்பதையும் எனக்கு எழுதுங்கள்.