நாற்பது குரல்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஒட்டாவாவில் உள்ள கனடா தேசியக் கலைக்கூடத்தில் கலைஞர் ஜேனட் கார்டிஃப் உருவாக்கிய நாற்பது குரல் ஒலிப்படைப்பைக் கேட்டேன். பழைய சிற்றாலயம் ஒன்றில் நாற்பது ஒலிபெருக்கிகள் நிற்கின்றன. பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லை. பாடல் முடிந்து இருமலும் பேச்சும் கேட்கத் தொடங்கியதும் வெளியே வந்துவிட்டேன். இதே பாடலை வீட்டில் ஹெட்போனில் கேட்டால் போதாதா? இதற்கு அருங்காட்சியகம் எதற்கு?

எம்.

அன்புள்ள எம்.,

போதாது என்றே உறுதியாக நினைக்கிறேன். தாமஸ் டாலிஸ் ஏறத்தாழ 1570இல் இங்கிலாந்தில் இயற்றிய அப்பாடல், ஐந்து குரல்கள் கொண்ட எட்டுக் குழுக்களுக்கானது. நாற்பது பேருக்கும் தனித்தனியே பாடும் பகுதி உண்டு. ஒரு குரல் தொடங்க, இன்னொன்று அதைப் பற்றிக்கொள்ள, இசை குழுவிலிருந்து குழுவுக்கு நகர்ந்து சென்று, பிறகு நாற்பதும் ஒருங்கே எழுகின்றன. அந்த நகர்வை ஸ்டீரியோ ஒலிப்பதிவு இரண்டே தடங்களுக்குள் அடக்கிவிடுகிறது. கார்டிஃப் தம் 2001ஆம் ஆண்டுப் படைப்புக்காக இங்கிலாந்தின் சாலிஸ்பரி பேராலயப் பாடகர்களின் குரல்களைத் தனித்தனித் தடங்களில் பதிவுசெய்து, குரலுக்கு ஓர் ஒலிபெருக்கியாக நீள்வட்டத்தில் நிறுத்தினார்.

ஒலி வரும் திசையை நாம் பெரும்பாலும் அறிவது, அது ஒரு காதை மற்றதைவிட ஒரு மில்லிவினாடிக்கும் குறைவான நேரம் முந்தி எட்டுவதாலும், தலையைத் திருப்பும்போது அந்த வேறுபாடு மாறுவதாலும்தான். ஹெட்போனில் தலையைத் திருப்பினால் பாடகர் குழு முழுவதும் நம்மோடு சேர்ந்து திரும்பிவிடும். அக்கூடத்திலோ குரல்கள் தத்தம் இடத்தில் நிற்க, நாம்தான் நடக்கிறோம். வழக்கமான கச்சேரியில் பாடகர்களுக்கு நடுவே சென்று நிற்க எந்த ரசிகருக்கும் இடமில்லை. சுவரெங்கும் காட்சிகளை ஓடவிட்டு நம்மை மூழ்கடிப்பதாகச் சொல்லும் கண்காட்சிகள் பலவற்றில் எனக்கு மதிப்பில்லை, ஏனெனில் அவற்றில் எங்கே நின்றாலும் ஒன்றுதான். இங்கே நீங்கள் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியும் பாடலை மாற்றுகிறது.

அந்தச் சிற்றாலயத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அது இருந்த கன்னிமாடம் 1972இல் இடிக்கப்பட்டபோது உட்புறத்தைத் துண்டு துண்டாகக் கழற்றிக் காத்து, 1988இல் திறக்கப்பட்ட புதிய கலைக்கூடத்துக்குள் மீண்டும் பொருத்தினார்கள். தனித்தனியே பிரிக்கப்பட்டு மீண்டும் கூடிய குரல்களுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை.

நீங்கள் வெளியேறிய இடம்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பதினான்கு நிமிடச் சுற்றில் பாடல் ஏறத்தாழ பதினொன்று. எஞ்சிய மூன்று நிமிடங்களில் பாடகர்கள் இருமுகிறார்கள், தொண்டையைச் சரிசெய்கிறார்கள், பக்கத்தில் இருப்பவரோடு பேசுகிறார்கள். அது கவனக்குறைவால் பதிவில் தங்கிவிட்ட இரைச்சல் அன்று. கார்டிஃப் வேண்டுமென்றே வைத்தது. அதைக் கேட்டவருக்கு, அடுத்த சுற்றில் ஒலிப்பது பெயரற்ற ஒரு திரள் அல்ல, சற்றுமுன் பேசிக்கொண்டிருந்த இந்தச் சிறுவனும் அந்தப் பெரியவரும்தான்.

மீண்டும் செல்ல வாய்த்தால் இரண்டு சுற்றுகளாவது இருங்கள். முதல் சுற்றை நீள்வட்டத்தின் நடுவில் நின்று கேளுங்கள். இரண்டாவதில் ஏதாவது ஒரு கீழ்க்குரலின் ஒலிபெருக்கிக்கு அருகில் சென்று அவரை மட்டும் தொடருங்கள். தம் முறை வரும்வரை அவர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்பதும், எந்தக் குரலைப் பின்பற்றி நுழைகிறார் என்பதும் அப்போது தெளிவாகும். கேட்டபின் எழுதுங்கள்.

அன்புடன்.