உப்பை 32 பிபிடிக்கு ஏற்றியதும் சால்மன் குஞ்சுகள் தீனி எடுக்கவில்லை

உப்பை ஏற்றியதிலிருந்து தொட்டியிலுள்ள சால்மன் குஞ்சுகள் தீனி எடுக்கவில்லை, நீரோட்டம் நொடிக்கு 8 செ.மீ. என்று எழுதியிருந்தீர்கள். முதலில் உப்பை 12 பிபிடிக்கு (ஆயிரம் பங்கு நீரில் 12 பங்கு உப்பு) திரும்பக் கொண்டுவாருங்கள்; நீரோட்டத்தைப் பிறகு பார்க்கலாம். 90 கிராம் அட்லாண்டிக் சால்மனை ஒரே நாளில் 12-லிருந்து 32-க்கு ஏற்றி, மூன்று நாளாக அவை அடியிலேயே கிடக்கின்றன என்றால், கடல்நீருக்கு உடல் இன்னும் தயாராகவில்லை என்பதே என் கணிப்பு. இரத்தத்தின் உப்பளவு ஏறக்குறைய 10–12 பிபிடிக்குச் சமம். அதற்கு மேலே போனால் செவுள்தான் உப்பை வெளியே தள்ள வேண்டும்.

உப்பை இறக்குவதற்கு முன்பே 10 மீனை மயக்கி, வால் இரத்தக் குழாயிலிருந்து ஹெப்பாரின் (இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) போட்ட ஊசியில் இரத்தம் எடுத்து, பிளாஸ்மாவில் (இரத்தத்தின் திரவப் பகுதியில்) உள்ள குளோரைடு அளவைப் பாருங்கள். லிட்டருக்கு 150 மில்லிமோலுக்கு மேல் பல மீன்களில் இருந்தால், உடல் தயாராகவில்லை என்பதில் சந்தேகமே வேண்டாம். அளவு சரியாக இருந்தால் காரணம் வேறு. ஆக்சிஜனையும் கரியமில வாயுவையும் பாருங்கள்.

நீங்கள் சொன்ன நொடிக்கு 8 செ.மீ. ஓட்டம் குறைவுதான். 20 செ.மீ. நீள மீனுக்கு நொடிக்கு ஓர் உடல் நீளம், அதாவது 20 செ.மீ., நல்லது, தசையும் இறுகும், கழிவும் நடுவடிகாலுக்குப் போகும். தீனி திரும்பிய பிறகு, உள்நீர்க் குழாய் முனையின் கோணத்தைத் திருப்பி, சில நாளுக்கு ஒருமுறை 3–4 செ.மீ. கூட்டுங்கள். சோர்ந்த மீனை இப்போதே நீந்த வைக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை: மறுசுழற்சித் தொட்டி என்றால் உப்பு மாறும்போது உயிர்வடிகட்டியில் மீன் கழிவின் அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியாவும் தடுமாறும். அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் தினமும் அளவிடுங்கள்.